துண்டுக்குள் முடிந்த சம்பந்தம்

“அலோ... அலோ... கமலாவா?... நைனாதான் பேசறேன்... ம், ம், கேக்குது, நல்லா கேக்குது... ஏ, அழுவாத. நிமிசம் நாப்பது ரூவா இந்த போனு. அழுவறதுன்னா வெச்சிட்டு அழு, அது சும்மா. பேசறதுன்னா பேசு... ஆமா, நாப்பது. மீட்டர்ல செவப்பு செவப்பா ஓடிக்கினு கீது... ம். இப்ப சொல்லு.”

பெற்ற பெண்ணின் கண்ணீருக்கு எந்தச் சந்தையிலும் விலை கட்டியதில்லை. பூமாலை கட்டிவிட்டார். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்சந்தில் அந்தோணிதாஸ் புதிதாகத் திறந்திருந்த டெலிபோன் பூத்தின் கண்ணாடிக் கூண்டுக்குள் நின்றுகொண்டு, முகத்தை ஒட்டுப்பலகைச் சுவருக்குக் காட்டி, அவர் பேசிக்கொண்டிருந்தார். மாட்டுத் தரகர். திருக்கோவிலூர் முதல் சின்னசேலம் வரை எந்த வாரச்சந்தையிலும் அவர் கை படாமல் நல்ல ஜோடி எதுவும் வண்டி ஏறியதில்லை. அவர் வாயில் பொய் தங்காது என்பார்கள். வந்த விலைக்கு உடனே தள்ளிவிடுவார்.

கமலா அவருக்கு ஒரே பெண். கணக்கு டீச்சர். எம்ப்ளாய்மெண்ட் ஆபீசில் பதிந்துவிட்டு வயதை எண்ணிக்கொண்டிருந்தவளை, ஏஜெண்டு ஒருத்தன் மூலமாக மாலத்தீவுக்கு அனுப்பியிருந்தார். போய் இறங்கி மூன்று வாரம். பள்ளிக்கூடம் இன்னும் திறக்கவில்லை.

“தண்ணியா?... கெணத்துத் தண்ணி உப்பு. சரி. குடிக்க?... மழத்தண்ணி. அதான் குடுக்கறாங்க இல்ல, அப்புறம் இன்னா?... ஒரு நாளைக்கி ஒரு கொடம் போதலியா? நீ ஒருத்தி, ஒனக்கு இன்னாத்துக்கு ரெண்டு கொடம்? மாடு கட்டி வெச்சிக்கினு கீறியா?... இன்னாது?... மாடே இல்லியா?... ஊருல ஒரு மாடு கூடவா இல்ல?... எரும?... அட கெரகமே. பாலுக்கு இன்னா பண்ணுது அந்த ஜனம்?... டப்பா பாலு.”

மாடே இல்லாத ஒரு சீமைக்கா பெண்ணை அனுப்பிவிட்டோம் என்று பூமாலைக்கு நெஞ்சில் சுருக்கென்றது. அன்றைக்கு அவர் நெஞ்சு மகளுக்காக வலித்தது அந்த ஒரு தடவைதான்.

“ம்... ம்... மூணு வேளையும் மீனா?... காலையிலயுமா?... தின்னு. நாத்தம்னா மூக்கப் புடிச்சிக்கினு தின்னு. வெள்ளிமலைக்கு மேல அந்தப் பள்ளிக்கூடத்துல ரெண்டு வருசம் இருந்தியே, அங்க இன்னா பிரியாணியா போட்டாங்க? சாமக்கஞ்சி குடிச்சவதான நீ?... ஆமா, நல்ல ஜனம்தான். யாரு இல்லன்னா? கல்வராயன் மல நல்ல மலதான். சம்பளம் எத்தினி? தற்காலிகம்னு கையில முந்நூறு ரூவா. மலைய நக்கித் தின்ன முடியுமா?... பாஷ புரியலியா? கணக்கு டீச்சருக்கு பாஷ எதுக்கு? ரெண்டும் ரெண்டும் நாலுன்றது எல்லா ஊர்லயும் நாலுதான... ம்... கரண்ட்டு ராவுல நின்னு போவுதா? தூங்கறவளுக்கு கரண்ட்டு எதுக்கு?”

அவள் எது சொன்னாலும் அவர் அதைப் பாதி விலைக்குக் குறைத்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷப் பழக்கம். நொண்டி என்றால் ‘நடை பழகாத மாடு’ என்பார். கண்ணில் பூ விழுந்திருந்தால் ‘சாது’ என்பார். வயிறு ஒட்டிய கிடாரியை ‘சொன்ன பேச்சு கேக்கும்’ என்று விற்றிருக்கிறார். மகளுடைய குறைகளும் அவர் காதுக்குள் அதே தராசில்தான் ஏறி இறங்கின.

“எப்போ தொறக்கறாங்க?... ஞாயித்துக்கெழமையா? அது லீவு இல்ல?... ஓ, அங்க வெள்ளிக்கெழமையா லீவு. சரி, சரி. எந்தக் கெழம வேல செஞ்சா இன்னா, துட்டு துட்டுதான... இன்னா சொன்ன?... மெல்ல பேசு... தாழ்ப்பா இல்லியா?... யாரு?... அந்த ஏஜெண்டோட ஆளா? அவன் நம்ப பக்கத்து ஆளாச்சே... அதே வூட்டுலயா தங்கிக்கினு கீறான்?... ராவுலயா?... தட்டுனானா, தள்ளுனானா?... கேக்கறதுக்கு பதில் சொல்லு. தட்டுனானா, தள்ளுனானா?... தட்டுனான். அவ்ளோதான? தட்டிட்டுப் போறான். கட்டில இழுத்து கதவுல போட்டுக்க... தெனம் இழுக்கணும்னா தெனம் இழு. ஒடம்புக்கு நல்லதுதான்.”

சொல்லிவிட்டுக் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தார். எதிர்பார்த்த ஆள் இன்னும் வரவில்லை. மீட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

“வேணாம்... கமலா, அது மட்டும் வேணாம்... நான் சொல்றதக் கேளு... ம்... ஞாயித்துக்கெழமைக்குள்ள வேணாம்னு எழுதிக் குடுத்தா வுட்டுருவாங்க. சரி. கையெழுத்து போட்டுட்டா ரெண்டு வருசத்துக்கு நவுர முடியாது. அதுவும் சரி. வர்ற டிக்கெட்டுக்கு யாரு குடுப்பா?... நானா? செவல ஜோடிய வித்துதான் அந்த ஏஜெண்டுக்கு அழுதேன்... இருக்குது. இல்லன்னு சொல்லல. அது வேற காரியத்துக்கு வெச்சிருக்குது... இன்னா காரியமோ, ஒனக்கு எதுக்கு?... ‘வா’ன்னு ஒரு வார்த்த சொன்னா போதுமா? அந்த ஒரு வார்த்த எம்மாம் செலவுன்னு தெரியுமா ஒனக்கு?... படகுல வந்து போன் பேசறியா, சரி, வாந்தி எடுத்துக்கினே வந்தியா, சரி, அதுக்கு நான் இன்னா பண்ணட்டும்? கடல கட்டிப் போட முடியுமா?... நீ இப்ப திரும்பி வந்தீன்னா கமலா, நாளைக்கி ஊருல எம் மூஞ்சிய... வாங்க சம்மந்தி! வாங்க வாங்க! உள்ள வாங்க, எடம் கீது!... ஆமா, கமலாதான் லைன்ல!... அடேங்கப்பா! மூணு ரூம்பா!”

கூண்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தவர் சங்கராபுரத்துத் தெய்வசிகாமணி. கரும்பு ஆலைக்கு வண்டி விடுகிறவர். பூமாலையிடம் பல ஜோடி மாடு வாங்கியவர். இப்போது விற்க வந்திருந்தார். சரக்கு, அவருடைய மகன் மாயவன். டிகிரி முடித்தவன், வேலையில்லை. ஆனால் அப்பனுக்கு ஒரு கணக்கு இருந்தது. மாநிலத்தில் இட ஒதுக்கீடு வந்தாயிற்று. டெல்லியில் இருபத்தேழு சதவீதம் கோர்ட்டில் நிற்கிறது. இரண்டில் ஒன்றில் பையன் ஆபீசர். அன்று காலையும் அந்த இருபத்தேழுக்காக வழியில் மறியல். வெயிலில் ரோட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒரு நியாயத்துக்காக உட்கார்ந்திருந்தார்கள். நின்றுபோன பஸ்ஸின் ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்த தெய்வசிகாமணி அந்த நியாயத்தையும் மகனின் விலையில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

முந்தின பேச்சில் அவர் கேட்ட வரதட்சணை ஐம்பதாயிரம். பூமாலை சொன்னது பத்து. வெளிநாட்டில் சம்பாதிக்கிற டீச்சரைக் கொடுத்துவிட்டு ரொக்கமும் எதற்குக் கொடுக்க வேண்டும் என்பது பூமாலையின் வாதம். வெளிநாட்டு டீச்சர் என்று நீ சொன்னால் ஆயிற்றா, என் காதால் கேட்க வேண்டாமா என்பது தெய்வசிகாமணியின் வாதம். ஒருவர் மகனுக்கு வேலை இன்னும் வரவில்லை, இன்னொருவர் மகள் வேலை இன்னும் தொடங்கவில்லை. இரண்டு சினை மாட்டையும் காட்டி, பிறக்காத கன்றுக்கு இருவரும் பேரம் பேசினார்கள். கடைசியில், “போன்லயே பேசறேன், வந்து பக்கத்துல நில்லுங்க” என்று பூமாலைதான் சொன்னார்.

பக்கத்தில் நிற்பதென்றால் அந்தக் கூண்டுக்குள் வயிற்றோடு வயிறு ஒட்டித்தான் நிற்க வேண்டும். தெய்வசிகாமணி கதவை இழுத்துச் சாத்தினார். தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தன் வலது கையின் மேல் போட்டார். பூமாலை, வலது கையில் ரிசீவரோடு, இடது கையைத் துண்டுக்குள் விட்டார்.

மாட்டுச் சந்தை விலை வாயால் பேசப்படுவதில்லை. வாங்குகிறவர், விற்கிறவரின் விரலைத் துண்டுக்குள் பிடிப்பார். எத்தனை விரலோ அத்தனை விலை. இன்றைக்கு ஒரு விரல் பத்தாயிரம். கட்டுபடியாகவில்லை என்றால் விற்கிறவர் உருவிக்கொண்டு, தான் கேட்கிற கணக்குக்கு விரலை நீட்டுவார். வாங்குகிறவர் எத்தனை விரலை இறுக்கி ஒரு குலுக்குக் குலுக்குகிறாரோ, அத்தனைக்கு முடிந்தது. குலுக்கிய கையை அப்புறம் எந்தச் சாமி வந்தாலும் பிரித்துப் பேச முடியாது.

பூமாலை ஒரு விரலைத் தொட்டார். தெய்வசிகாமணி உருவிக்கொண்டு ஐந்தையும் விரித்து நீட்டினார்.

“இன்னா சொல்றம்மா!... மூணு ரூம்பு, அதுல ஒண்ணு சும்மாவே கெடக்குதா!... அலோ?... இல்லம்மா, லைன் நல்லாதான் கீது... நைனாதான் பேசறேன், வேற யாரு?... குடிக்கல. காலங்காத்தால யாராவது குடிப்பாங்களா?... ஆமா ஆமா, தண்ணி! கெணத்துத் தண்ணி குளிக்க, குடிக்க மழத்தண்ணி தனியா! எளநி மாரி கீதா!... மீனா! மூணு வேளையும் மீனு! போதும் போதும்னாலும் வுடமாட்டேன்றாங்களா!... மாடா? அங்க மாடெல்லாம் வளக்கறதில்லியா. பணக்கார ஊரு, சாணி அள்ள யாரு வருவா? பாலே கப்பல்லதான் வருதா!”

துண்டுக்குள் ஒரு விரல் மடங்கிற்று. நாலு.

“கட்டிலு... ஆமா, சொன்னியே, கட்டிலு. இழுத்தா நவுராதா? அம்மாம் கனமா? அப்ப தேக்குதான்... கதவா?... சம்மந்தி, கேட்டீங்களா, அந்த ஊருல வூட்டுக்குத் தாழ்ப்பாளே கெடையாதாம்! திருட்டு பயமே இல்ல! தொறந்து போட்டுட்டுத் தூங்கலாமாம்!... ம்... ம்... யாரு?... ராத்திரி வந்து விசாரிச்சுட்டுப் போறாங்களா! தனியா கீற பொண்ணாச்சேன்னு! பாரு, எம்மாம் நல்ல ஜனம்!”

இதைச் சொல்லும்போது மட்டும் அவர் கண் சுவரில் ஒட்டியிருந்த காலண்டரைப் பார்த்தது. அதற்கும் பலன் இருந்தது. மூன்று.

தெய்வசிகாமணி மோவாயைத் தூக்கினார். சம்பளத்தைக் கேள் என்று அர்த்தம்.

“கமலா, அந்த சம்பளம் இன்னொரு தபா சொல்லும்மா, சரியா காதுல வுழல... ம்... ம்... அது அவங்க காசுல. நம்ப ரூவாயில?... ஆறாயிரமா! மாசத்துக்கா! வூட்டு வாடக தனியாவா!”

ஏஜெண்டு சொன்னது மூவாயிரம். இன்னும் தொடங்காத வேலையின் சம்பளத்துக்கு பூமாலை அங்கேயே இன்கிரிமெண்ட் போட்டார். தெய்வசிகாமணியின் விரல் இன்னொன்றும் தளர்ந்துகொடுக்கப் பார்த்தது. ஆனால் அவரும் சந்தையில் வளர்ந்த ஆள்தான். பல்லைப் பிடித்துப் பார்க்காமல் மாடு வாங்காதவர். தலையைச் சாய்த்துக் காதை நீட்டினார்.

“ஆங்... கேக்கறீங்களா சம்மந்தி? ஒரே எரைச்சலா கீது, கடலு பாருங்க, அல சத்தம்... சரி, இந்தாங்க, கேளுங்க. கமலா, பேசாத, நைனா ஒரு நிமிசம் போன...”

ரிசீவர் அரை நிமிஷம் தெய்வசிகாமணியின் காதில் இருந்தது. அவருக்குக் கேட்டது வார்த்தை எதுவும் இல்லாத விசும்பல் மட்டும். திரும்பக் கொடுத்தார்.

“சந்தோசம், சம்மந்தி. அப்பன் கொரலக் கேட்டா அதுக்கு தாங்காது. சின்ன வயசுலேந்தே அப்பிடித்தான்.”

தவறான சரக்கைக் காட்டிவிட்டார். அப்பன் குரலைக் கேட்டே இப்படி அழுகிற பெண், சம்பளத்தை அப்பனுக்குத்தானே அனுப்பும்? தெய்வசிகாமணியின் யோசனை விரலில் தெரிந்தது. மூன்று திரும்பவும் நாலு ஆயிற்று.

பூமாலைக்கு வேர்த்துவிட்டது.

“கமலா, நல்லா கேட்டுக்க. இனிமே நைனாவுக்கு ஒத்த பைசா அனுப்பக் கூடாது. ஆமா. எனக்கு எதுக்கு? நானு இன்னிக்கோ நாளைக்கோ. வர சம்பளம் முச்சூடும் நேரா ஒன் வூட்டுக்காரருக்குத்தான் அனுப்பணும்... எந்த வூட்டுக்காரரா?... அட, சொல்லல இல்ல நானு!... நம்ப சங்கராபுரத்து மாயவன்... ஆமா, அந்தப் புள்ளதான்... வேலைக்கி இன்னும் போவல. போவும். டெல்லியில இருபத்தேழு கீது... கோர்ட்டுல நின்னா இன்னா, கோர்ட்டு ஒக்காராதா ஒரு நாளைக்கி?... ஒன்னக் கேக்கலியா? கேக்கறதுக்குத்தான போன் போட்டேன். நாப்பது ரூவா குடுத்து கேக்கறேன், எந்த அப்பன் கேப்பான்?... வெக்கப்படுது, சம்மந்தி.”

மறுமுனையில் சத்தமே இல்லை. துண்டுக்குள் நல்ல சத்தம். நாலு மூன்றாகி, மூன்று இரண்டாகி, தெய்வசிகாமணியின் இரண்டு விரல்கள் பூமாலையின் உள்ளங்கைக்குள் வந்து படுத்துக்கொண்டன. இருபதாயிரம். அதுதான் பூமாலை வீட்டுப் பெட்டியில் வைத்திருந்தது. டிக்கெட்டுக்கு எடுக்காமல் ‘வேற காரியத்துக்கு’ என்று சொன்னதும் அதுதான். இனி இறுக்கி ஒரு குலுக்கு. அதற்குமுன், ஏலம் போடுகிறவன் கடைசியாக ஒரு தரம் கூப்பிடுவதுபோல, அவர் மகளைக் கூப்பிட்டார்.

“அலோ... கமலா?... கீறியா?... பேசும்மா, மீட்டர் ஓடுது... சம்மந்திக்கி ஒரு வணக்கம் சொல்லு... ம்?... இன்னாது?... கையா?... எந்தக் கை?... எடது கையா?”

கமலா சந்தைக்கு அவர் தோளில் உட்கார்ந்து போய் வளர்ந்தவள். அப்பனுக்கு இரண்டு குரல் என்று அவளுக்குத் தெரியும். ஒன்று வீட்டுக்கு. இன்னொன்று கை துண்டுக்குள் இருக்கும்போது மட்டும் வருவது. அரைக் கட்டை ஏறி, ஒவ்வொரு வார்த்தைக்கும் வெல்லம் தடவி வரும். கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தும் அவள் அதை அடையாளம் கண்டுகொண்டாள்.

“எடது கை எங்கன்னா... எங்க இருக்கும், எடது பக்கம்தான்... கமலா, இன்னா கேள்வி இது... ஆங்?...”

மகள் நேரில் பார்த்துவிட்டதுபோல் சட்டென்று பின்னால் ஒதுங்கினார். ஒதுங்கும்போது கால் இடறிற்று. கால் இடறும்போது கை எதையாவது பிடிக்கத் தேடும். கூண்டுக்குள் பிடிக்க இருந்தது ஒன்றே ஒன்றுதான். துண்டுக்குள் கிடந்த தெய்வசிகாமணியின் கையை, விரல் விடாமல், ஐந்தையும் சேர்த்து இறுகப் பிடித்தார். உடம்பு ஒரு உலுக்கு உலுக்கி நின்றது.

ஒரே பிடி, ஒரே குலுக்கு.

தெய்வசிகாமணி அவரை ஏற இறங்கப் பார்த்தார். இப்படி ஒரு தாராளத்தை அவர் வாழ்நாளில் கண்டதில்லை. கையை மெல்ல உருவிக்கொண்டார். துண்டை எடுத்து ஒரு உதறு உதறித் தோளில் போட்டார். துண்டு தோளுக்குப் போனால் சந்தை கலைந்தது.

“சம்மந்தி, இல்ல... அது நானு... கை வந்து...”

கை ஏன் இறுகிற்று என்று சொல்ல வேண்டுமானால் மகள் கேட்டதைச் சொல்ல வேண்டும். மகள் கேட்டதைச் சொன்னால், மூணு ரூம்பு வீடும், தேக்குக் கட்டிலும், கப்பல் பாலும் ஒன்றன்பின் ஒன்றாகத் தண்ணீரில் இறங்கும். தவிர, இதே போல் கை தவறி இறுக்கிவிட்டேன் என்று காலில் விழுந்த எத்தனையோ பேரிடம், குலுக்குனது குலுக்குனதுதான் என்று வசூல் பண்ணியவர் அவர்.

“கமலா... கீறேன்... ம்... எத்தினியா?...”

கூண்டுக்குள் தெய்வசிகாமணி மூச்சு விடுவது கேட்டது.

“அஞ்சி... ஆமா. அஞ்சும்தான்... ஏன் சிரிக்கற?... கமலா, ஏன் சிரிக்கறன்றேன்... மாட்டுக்கு இல்ல... மாட்டுக்கு எவன் அம்மாம் குடுப்பான்... சரி, சிரி. சிரிச்சி முடி. நாப்பது ரூவா...”

அவர் அதை முடிக்கவில்லை. சிரிப்புக்கும் அதே நாற்பதுதானே என்று அவருக்கே தோன்றியிருக்கும்.

“ம்... ம்... பூட்டா?... வாங்கப் போறியா? எதுல வாங்குவ?... வளையலா? அடி, அது நான் போட்ட வளையலு!... எத்தினிக்கு கேக்கறான்?... அடிப்பாவி, ரெண்டு சவரன் முழுசா கீது, அதுக்கு ஜாஸ்தி வரும், குடுத்துராத!... டிக்கெட்டுக்கு வெச்சிருந்தியா?... இப்ப டிக்கெட்டு வேணாமா?... வேற வூட்டுக்கா?... யாரு, அந்த கேரளா டீச்சருங்க கூடயா?... அவங்க வூட்டுல தாழ்ப்பா கீதா... சரி... சரி... அப்ப அங்க போ.”

வெல்லம் தடவிய குரல் எப்போதோ கரைந்துபோயிருந்தது. தெய்வசிகாமணி துண்டின் நுனியால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு வார்த்தையையும் எடைபோட்டுக்கொண்டிருந்தார். மூணு ரூம்பு வீட்டுக்காரி வேறு வீட்டுக்கு ஏன் போகிறாள்? தாழ்ப்பாளே இல்லாத ஊரில் ஒரு வீட்டுக்கு மட்டும் தாழ்ப்பாள் எங்கிருந்து வந்தது? அவர் கேட்கவில்லை. கேட்டால் விலை குறையும். விலை முடிந்த பிறகு சரக்கின் குறையைத் தேடுகிறவர் அவர் இல்லை. அதுவும் தான் விற்கிற பக்கம் நிற்கும்போது.

“கையெழுத்தா?... போடு. அதத்தான நானும் இம்மாம் நேரமா சொல்லிக்கினு கீறேன். இருன்னுதான சொன்னேன்... எத்தினி வருசத்துக்கு?... ரெண்டுன்னுதான அவன் சொன்னான்?... கேட்டா குடுப்பாங்களா?... அஞ்சா?... ஏன், அஞ்சு வருசம் எதுக்கு?... கமலா, வெளையாடாத... அஞ்சு வருசம்! கேட்டீங்களா சம்மந்தி, அஞ்சு வருசத்துக்கு வேல கெட்டி!”

தெய்வசிகாமணி தலையாட்டினார். அவர் முகத்தில் சந்தோஷமும் இல்லை, சந்தேகமும் இல்லை.

“அது கெடக்கட்டும். ஆனியில லீவு வுடுவாங்க இல்ல?... ஆனி கடசியில நாளு பாக்கலாம்னு கீறோம்... ஆங்?... வர... இன்னா?... எப்பவுமா?... அப்பிடி சொல்லாத. கமலா, நைனா சொல்றேன், அப்பிடி மட்டும் சொல்லாத... எந்தக் கணக்கு? நமக்குள்ள இன்னா கணக்கு?... ‘வா’ன்னா? இப்பவா?... இப்ப சொல்லணுமா?...”

பக்கத்தில் தெய்வசிகாமணியின் வயிறு மூச்சுக்கு மூச்சு வந்து இடித்துக்கொண்டிருந்தது. ‘வா’ என்பது ஒரு எழுத்து. அதைச் சொன்னால் ஞாயிற்றுக்கிழமைக்குள் மகள் வந்து இறங்கிவிடுவாள். வெளிநாட்டு டீச்சர் என்று சொல்லிக்கொள்ள யாரும் இருக்க மாட்டார்கள். இருபதாயிரம் டிக்கெட்டில் பாதி, ஊர்ச் சிரிப்பில் பாதி போய்விடும். பூமாலை வாயைத் திறந்தார். மூடினார். திறந்தபோது வந்தது சந்தைக் குரல்.

“ஆமாம்மா! வா! ஆனியிலயே வா! கண்ணாலத்துக்கு ரெண்டு நாளு முன்னாடி வந்தாலும் போதும்!... சரி... சரி... ஆமா ஆமா... பொடவ நானே எடுத்துடறேன்... இன்னா கலரா? ஒனக்கு புடிச்ச அரக்குதான்... சம்மந்தியா? நல்லா கீறாரு, பக்கத்துலதான்... மாப்ளையா? கேட்டன்னு சொல்றேன்...”

இணைப்பு அறுந்த பின்பு டெலிபோனில் வருகிற ஊங்காரம் சின்னச் சத்தம்தான். ஆனால் இரண்டு பேருக்கே இடமில்லாத கூண்டில், மூடிய கண்ணாடிக்குள், அது மாட்டு ஈபோல இருவர் காதையும் சுற்றி வந்தது. பூமாலை அதன் மேலேயே பேசிக்கொண்டு போனார்.

“...ஆமாம்மா, கட்டில பத்தரமா பாத்துக்க... சிரிக்கறா சம்மந்தி, வெக்கம்... சரி, வெக்கட்டுமா?... வெக்கறேன்... ஒடம்பப் பாத்துக்க... வெக்கறேன்...”

வைத்தார். ஊங்காரம் நின்றது.

தெய்வசிகாமணி அந்த ஊங்காரத்தையும் கேட்டிருந்தார். அவர் கேட்டது பூமாலைக்கும் தெரியும். விலை முடிந்த பிறகு வாங்குகிறவர் அச்சாரம் வைக்க வேண்டும். வைக்காவிட்டால் நாளை எந்தச் சந்தையிலும் எவனும் அவர் துண்டுக்குள் கை விட மாட்டான். அச்சாரம் வைத்துவிட்டுப் பின்வாங்கினால் வைத்தது போயிற்று. தெய்வசிகாமணி வலது உள்ளங்கையை விரித்து, இருவருடைய வயிறுக்கும் நடுவே நீட்டினார். இந்தத் தடவை துண்டு போடவில்லை.

பூமாலை பனியனுக்குள் தைத்த பையில் கைவிட்டு எடுத்து, ஆயிரத்தொன்றை எண்ணி அந்த உள்ளங்கையில் வைத்தார். வெளியே வந்ததும் அந்தோணிதாஸ் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். போனுக்கு நானூற்று நாற்பது. அதைத் தீர்த்தாயிற்று. தெய்வசிகாமணிக்கு, அச்சாரம் போக, பூமாலை தர வேண்டிய பாக்கி நாற்பத்தெட்டாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது ரூபாயும், ஒரு மணப்பெண்ணும்.